கண்மாயில் கேட்ட வெடி

செங்கமலம் மடத்துக் கொல்லையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் மூன்று மாதப் பிள்ளை பால் குடித்தபடியே தூங்கிப்போயிருந்தது. எதிரே கண்மாய். கருவேல மரமெல்லாம் நாரைக் கூடு.

மடத்துச் சாமியம்மா அவளைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் செங்கமலம் நிமிர்ந்து பேசமாட்டாள். அன்றைக்குத்தான் கேட்டாள்.

"அம்மா, எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்லருந்து வந்து இப்பத்தான் பிள்ளை மொகத்தையே பாத்தாரு. முதல் தீபாவளின்னு பெட்டி பெட்டியா வெடி வாங்கிட்டாரு. நாரை இருக்கிற ஊர்ல வெடிக்கக் கூடாதுன்னா, 'இதெல்லாம் டபூ, பழைய பயம்'ங்கிறாரு. வேணாம்னா மொகம் வாடிரும். டபூன்னா என்னம்மா?"

"இங்கிலீஷ்ல விலக்குன்னு அர்த்தம். தொடாதே, செய்யாதே, பேசாதேன்னு ஊர் ஒதுக்கி வச்சதை அப்படிச் சொல்லுவாங்க. ஆனா அது இங்கிலீஷ்காரன் சொல்லே இல்லை. தூரத்துக் கடல்ல டோங்கான்னு தீவு. அங்கே 'தபு'ன்னாங்க. கப்பல்ல போனவன் கேட்டு எடுத்துட்டுப் போனான்."

"தீவுக்காரங்களும் பயந்துதான் சொன்னாங்களா?"

சாமியம்மா பதில் சொல்லுமுன் ஊருக்குள் ஒரு வெடி வெடித்தது.

கண்மாய் அப்படியே எழுந்தது. ஆயிரம் ஆயிரமாய் நாரைகள். வெயில் அணைந்து, கொல்லை முழுக்க நிழல் ஓடியது. செங்கமலம் அண்ணாந்து பார்த்தாள். இத்தனை உயிரா நம்மோடு குடியிருக்கிறது?

கீழே கூடுகள் திறந்து கிடந்தன. காக்கை ஒன்று இறங்கி ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது.

மேலே சுற்றியவை மெல்ல இறங்கின. அத்தனை மரத்திலும் ஒன்றுகூடக் கூடு மாறி உட்காரவில்லை. ஒரு நாரை மட்டும் வெறுங்கூட்டின் விளிம்பில் நின்றது.



"செங்கமலம், உன் கையைப் பார்."

பார்த்தாள். உள்ளங்கை பிள்ளையின் காதைப் பொத்தியிருந்தது. எப்போது பொத்தினாள், அவளுக்கே தெரியாது.

"பயந்தா பொத்தினே?"

"பயந்தாம்மா. ஆனா பயம் மட்டும் இல்ல."

"தீவுக்காரனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்."

கரைமேல் அவள் புருஷன் இருளப்பன் சிரித்தபடி ஓடி வந்தான். "ஏய், சத்தம் கேட்டுச்சா? ஆயிரம் வாலாவை எங்க வச்சே? எடுத்துட்டு வா!"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கட்டிக்கொண்ட நாள் முதல் அவன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை.

"வர்றேங்க. ஆனா வெடியை எடுத்துத் தரமாட்டேன். முதல்ல இங்க வந்து இந்தக் கூட்டைப் பாருங்க, இதுல இப்பத்தான் ஒரு குஞ்சைக் காக்கா தூக்கிட்டுப் போச்சு."