சத்தம் போடும் செருப்பு

கொழுமடை ஜமீன்தார் உக்கிரசேனருக்குச் செருப்பு தேய்ந்துபோனது. அரண்மனை வாசலில் செருப்புத் தைக்கும் மாசானத்தைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏலே, இதுக்குப் புது அடித்தோல் போடு. நான் நடந்தா கிரீச் கிரீச்சுன்னு சத்தம் வரணும், ஊரே எழுந்து கும்பிடணும். ஆனா, களத்துமேட்டுல எவன் தூங்குறான்னு பதுங்கிப் பார்க்கப் போறப்ப சத்தமே வரக்கூடாது. நாளைக்குள்ள முடிக்கலைன்னா வாசல்ல உன் கடை இருக்காது."

"ஆகட்டும் எசமான்" என்று மாசானம் செருப்பை வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் ஜமீன்தார் அதை மாட்டிக்கொண்டு சபை நடுவே நடந்தார். கிரீச் என்றது. எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். அவருக்கு வாயெல்லாம் பல்.

"சரிலே, சத்தம் வராம எப்படிப் போறது?"

"வலது செருப்புதான் கத்தும் எசமான். இடது செருப்பு வாயே திறக்காது. பதுங்கிப் போறப்ப வலது காலைத் தூக்கிக்கிட்டு நொண்டி அடிச்சுப் போங்க."

சபையில் பலருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ஜமீன்தார் முறைத்தார். ஆனால் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதே!

மத்தியானம் களத்துமேட்டுக்குப் போய்ச் சோதித்தே பார்த்தார். சத்தம் துளியும் இல்லை. வைக்கோல்போரைச் சுற்றி நொண்டி வந்தவரைப் பார்த்து நெல் தூற்றிய பெண்கள் சிரித்த சிரிப்பில்தான் தூங்கியவர்கள் விழித்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு காலாலும்தான் களத்துக்கு வந்தார். தூரத்தில் கிரீச் கேட்டதும் எழுந்துகொள்ள எல்லாருக்கும் வசதியாக இருந்தது.