முதல் தண்ணியோட போன பாவாயி

ஒரு ஊர்ல, ஆத்துக்கு இந்தக் கரையில பாதியும் அந்தக் கரையில பாதியுமா இருந்த ஒரு ஊர்ல, ஒரு பரிசல்காரி இருந்தா. பேரு பாவாயி. மேட்டூர் அணைக்குக் கீழே அவ ஊரு. காலை நீட்டிப் படுத்துக்க. கேக்கறியா?

"ம்."

அவளுக்கு ஒரே ஒரு அக்கா, அங்கம்மா. அங்கம்மாவைக் கட்டிக் கொடுத்தது அதே காவிரியோட மறுகோடியில. அதுக்கு அந்தப் பக்கம் ரெண்டு மைல் போனா கடல்.

ஒரு ஆடி மாசம் அக்கா பொறந்த வீட்டுக்கு வந்திருந்தா. அணை திறந்து, ஆறு ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஹோன்னு ஓடுது. பாவாயி பரிசலைக் கழுவிக்கிட்டே, "பாத்தியாக்கா, எங்களுக்கு மிஞ்சினது எவ்வளவு தண்ணி, வீணாப் போய்க் கடல்ல விழுது"ன்னா. சும்மாதான் சொன்னா.

அங்கம்மா வெத்தலை மடிக்கறதை நிறுத்திட்டா. "கடல் என் வீட்டுப் பக்கத்துல இருக்கு. நான் தினமும் பாக்கறேன். நாத்து கருகிக் கிடக்கு, உன் தண்ணியைக் காணோம்"னா.

"நீ தூங்கற நேரமாப் பாத்துப் போயிருக்கும்"னு பாவாயி சிரிச்சா.

அக்கா சிரிக்கலை. "ஒரு தடவை அந்தத் தண்ணி கூடவே வந்து பாருடி. அது எங்க விழுதுன்னு பாத்து என்கிட்ட சொல்லு. அதுவரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

"ஏன் போனாங்க?"

ரோசம்.

"ரோசம்னா?"

நேத்து தோசை வேணாம்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டியே, அது.

"ம்."

அப்புறம் ஏழு ஆடி போச்சு. பாவாயிக்குப் பொண்ணு பொறந்து மொட்டை அடிச்சு காது குத்தினாங்க. பெரியம்மா வரலை. பாவாயி ரெண்டு தடவை பஸ்ஸுல போய்க் கூப்பிட்டா. அக்கா சோறு போட்டா, மீன் குழம்பு ஊத்தினா, கடைசியில "பஸ்ஸுலயா வந்த?"ன்னு மட்டும் கேட்டா. அவ்வளவுதான்.

பரிசல்ல போகலாம்னா, பரிசலுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. வட்டமா இருக்கும், சுத்திக்கிட்டே இருக்கும். அக்கரைக்குப் போகலாம். கடலுக்குப் போக முடியுமா?

அப்போ ஒரு நாள் டவுன்ல இருந்து ஒருத்தன் கார் மேல ஒரு படகைக் கட்டிக்கிட்டு வந்தான். மஞ்சள் கலரு, வெள்ளரிக்கா மாதிரி நீளம், ரெண்டு முனையும் கூரு. துடுப்புக்கு ரெண்டு முனையிலயும் இலை மாதிரி தட்டை. ஒத்த ஆளுதான் உக்கார முடியும். "இது பேரு கயாக். இதுல கடல் வரைக்கும் போகப் போறேன்"னான். "காயா, பழமா?"ன்னு கேட்டா பாவாயி. அவன் பதில் சொல்லறதுக்குள்ள அந்த வருஷத்து முதல் தண்ணிக்கு அணையைத் திறந்துட்டாங்க, மதகுல இருந்து மடார் மடார்னு ஒரு சத்தம். வெள்ளை வெளேர்னு தண்ணி குதிச்சு விழுது, தரை நடுங்குது. அவன் தண்ணியைப் பாத்தான், படகைப் பாத்தான். அப்புறம், "அக்கா, இதை நீங்களே வச்சுக்கோங்க"ன்னு காரைத் திருப்பிட்டான்.

பாவாயி பொண்ணைப் புருஷன்கிட்ட குடுத்தா. புளிச்சோறு கட்டிக்கிட்டா. உக்காந்தா. சளக், புளக். சளக், புளக். படகு கிளம்பிடுச்சு.

"தனியாவா?"

தனியாத்தான்.

முதல்ல வந்தது கதவணை. ஆத்துக்குக் குறுக்கே சுவரு, சுவர் நிறைய இரும்புக் கதவு. படகு எப்படித் தாண்டும்? பாவாயி இறங்கினா, படகைத் தலையில கவுத்துக்கிட்டா, மேட்டுல ஏறி நடந்தா. கரையில துவைச்சுக்கிட்டு இருந்தவங்க, "ஏய், அங்க பாரு, மீனுக்குக் காலு முளைச்சு நடந்து வருது"ன்னாங்க. "மீனு உன் சோப்பை முழுங்கப் போகுது, எடுத்து வை"ன்னுட்டுப் போனா பாவாயி. ஒரு கதவணை இல்ல, வழி நெடுக. தோள்பட்டை ரெண்டும் தோலு உரிஞ்சு போச்சு. ஒவ்வொரு கதவணைக்கு முன்னாடியும் தேங்கின தண்ணி அசையாம, வானத்தைக் கீழ இறக்கி விரிச்ச மாதிரி கிடந்துச்சு. துடுப்பை எடுத்துட்டா ஒரு சத்தம் இல்ல. மேல கொக்கு பறந்தா கீழயும் கொக்கு பறக்குது. எது ஆறு எது வானம்னு அவளுக்கே தெரியலை. பொறந்ததுல இருந்து ஆத்துலயே கிடக்கறவ, இதை அன்னிக்குத்தான் பாத்தா.

"ம்..."

அப்புறம் வந்தது கல்லணை. அங்க தண்ணி நாலாப் பிரியுது. அணைக்கு மேல ஒரே கூட்டம். மதகைத் திறக்கறாங்க, ஜனங்க தண்ணி மேல நெல்லும் பூவும் போடறாங்க. ஒரு பாட்டியம்மா பாவாயி தலையிலயும் ஒரு கை நெல்லைப் போட்டுச்சு. "எனக்கு எதுக்கும்மா?"ன்னா. "நீ தண்ணி கூட வந்தவதானே"ன்னுச்சு அந்தம்மா.

மதகு திறக்கற லஸ்கர் ஒருத்தர் நின்னாரு. பாவாயி கேட்டா, "அண்ணே, இதுல காவிரி எது?"

"நாலுமே காவிரித் தண்ணிதாம்மா."

"கடலுக்குப் போறது எது?"

"அதை நீ தண்ணியைத்தான் கேக்கணும்"னு சிரிச்சாரு. அப்புறம் கையைக் காட்டி, "காவிரின்னு பேரு வச்சிருக்கறது அந்த மதகு. உங்க ஊர் ஆறுன்னு நெனச்சுப் போகாத, சின்னதா இருக்கும்"னாரு.

போனா. அங்க இருந்து ஆறு இளைச்சுக்கிட்டே வந்துச்சு. வலப்பக்கம் ஒரு மதகு, களக் களக்னு கொஞ்சம் குடிச்சுச்சு. இடப்பக்கம் ஒரு வாய்க்கால், அது கொஞ்சம். அந்த வாய்க்கால்ல இருந்து குட்டி வாய்க்கால், அதுல இருந்து வரப்போரம் விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டம். கரை மேல ஏறிப் பாத்தா கண்ணுக்கு எட்டின மட்டும் வயல். ஒவ்வொரு வயல்லயும் ஒரு துண்டு ஆறு மினுங்குது. பாவாயி வாயில கையை வச்சுக்கிட்டு நின்னா. ஆறு முன்னாடி போகுதுன்னு நெனச்சிருந்தா. அது பக்கவாட்டுல போய்க்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் காலையில படகு சர்ர்னு நின்னுச்சு. தண்ணியோட முகம் வந்துடுச்சு.

"தண்ணிக்கு முகமா?"

ஆமா. அதுக்கு அந்தப் பக்கம் வெறும் மணல், கருவேல முள்ளு, ஆட்டுப் புழுக்கை. முகத்துல நுரை, சருகு, குச்சி. எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டு முன்னால ஓடுது, மைனா பின்னாலயே வந்து கொத்துது. மணல் சுர்ர்ர்னு குடிக்குது. குடிச்சு அடங்கினப்புறம்தான் தண்ணி ஒரு அடி நகருது. தவழற குழந்தை வேகம் கூட இல்ல. ஊர்ல மரத்தையே பேத்துக்கிட்டுப் போற தண்ணி. இங்க ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்னு குடுத்துட்டு வருது. பாவாயி இறங்கி, அதும் பின்னாலயே படகை இழுத்துக்கிட்டு வந்தா.

அக்கா ஊரு தெரியற தூரத்துல தண்ணி நின்னே போச்சு. மேல வேற வாய்க்காலுக்கு முறை, மதகைத் திருப்பிட்டாங்க. ஒரு நாள் ஆச்சு. ரெண்டு நாள் ஆச்சு. கட்டின சோறு எப்பவோ காலி. மூணாம் நாள் தண்ணி ஒரு சாண் பின்னாலயே போச்சு. வாத்து மேய்க்கறவரு ஒருத்தர், "இந்தா இருக்குது ஊரு, நடந்து போயேம்மா"ன்னாரு. பாவாயி மாட்டேன்னுட்டா. அவரு போய் ஊர்ல சொன்னாரு: "மேல ஒரு பொம்பளை மஞ்சப் படகுல உக்காந்து தண்ணியைக் காவல் காக்குது."

மறுநாள் விடியக்காலையில மணல்ல ஒரு ஆளு நடந்து வருது. அங்கம்மா. வந்து, தண்ணிக்கு அந்தப் பக்கம் நின்னா.

"ஏன்டி இப்படிக் கறுத்துட்ட?"

"வெயிலுக்கா."

"நடந்து வந்திருக்கலாம்ல?"

"தண்ணி நிக்குது. நான் மட்டும் எப்படி வர்றது?"

அங்கம்மா குனிஞ்சு நுரையில கிடந்த சருகை எடுத்துப் போட்டா. அப்புறம் மெதுவாக் கேட்டா, "எங்க விழுதுன்னு பாத்தியா?"

"பாத்தேன். வாழைத் தோப்புல விழுந்துச்சு. ஒரு அம்மாவோட பித்தளைக் குடத்துல விழுந்துச்சு. எத்தனை வயல்னு எண்ண முடியலைக்கா. மீதியை மணல் குடிச்சிடுச்சு. கடல்ல விழலை. நான் அன்னிக்குத் தெரியாமப் பேசிட்டேன்."

அப்போ பாவாயி கால்ல ஏதோ சில்லுன்னு ஏறுச்சு. குனிஞ்சு பாத்தா நுரை அசையுது. முறை மாறி, மேல மதகைத் திறந்துட்டாங்க. தண்ணி மெதுவா, மெதுவா, அங்கம்மா கால் விரலைத் தொட்டுச்சு. கொலுசை நனைச்சுச்சு. அவளைத் தாண்டிப் போச்சு. ரெண்டு பேரும் அசையலை.

"ம்... அப்புறம்?"

அப்புறம் அங்கம்மா முன்னாடி நடந்து முள்ளை ஒதுக்கி விட்டா, தண்ணி நடுவுல, பாவாயி பின்னால. தண்ணி அக்கா வயலுக்குப் போச்சு, குளத்துக்குப் போச்சு, மாடு குடிச்சுச்சு. எல்லாத்துக்கும் குடுத்துட்டு, கடைசியில ஒரு சேலை அகலத்துக்கு மிச்சம். அது மணல் மேட்டைச் சுத்திப் போச்சு. அங்க கடல். அத்தனாம் பெரிய கடல் ஒரு அலையை அனுப்பி, அந்தச் சின்னத் தண்ணியை அப்படியே கூட்டிக்கிட்டுப் போச்சு. அக்காளும் தங்கச்சியும் கும்பிட்டுக்கிட்டு நின்னாங்க.

அங்கம்மாதான் சொன்னா, "கொஞ்சம் அதுக்கும் போகட்டும்டி. அதுக்கும் வாய் இருக்குல்ல."

அந்த ஆடிக்குப் பெரியம்மா வந்தாங்க. வாசப்படியைத் தாண்டி நேரா உள்ள வந்து, பொண்ணைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, "எங்க, கம்மலைக் காட்டு"ன்னாங்க.

கதை கடல்ல சேந்துருச்சு கண்ணு. நீ தூக்கத்துல சேரு.