சடைச்சியின் கிழங்கு வளை

ஒரு காட்டில் முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி தன் மனைவி சடைச்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, இரண்டும் ஒரு சேப்பங்கிழங்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"இன்றைக்கும் காயம்பட்ட கிழங்குதானா?" என்றது முள்ளாண்டி. "உள்ளே நல்ல கிழங்கு குவிந்து கிடக்கிறது. எனக்கு மட்டும் ஓட்டையும் கீறலும்."

"எனக்கும் அதுதான். தின்னுங்கள். பேச்சு அப்புறம்," என்றது சடைச்சி.

"அப்புறம் என்றால் எப்போது?"

"நான் புல் கொண்டுவந்த பிறகு."

காய்ந்த புல் எடுக்க ஓடைக்கரைக்குப் போன சடைச்சி திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில் அங்கே ஒரு சிறுத்தை தண்ணீர் குடிக்க வந்திருந்தது.

குழந்தைகளே, அந்த இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டு வாழ்ந்தவை. ஓடைக்கு மேலே இருந்த சிறிய தோட்டத்தில் தோண்டுவது, நடுவது, களை பிடுங்குவது எல்லாம் முள்ளாண்டி. விளைந்ததை வளைக்குள் வாங்கி, கெடாமல் காத்து, ஆடி மாதத்து மழை வரை பரிமாறுவது சடைச்சி. முள்ளாண்டி கிழங்கை வாசலில் கொட்டிவிட்டுத் திரும்பிவிடும். வளைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இப்போது மாசி மாதம். தோட்டத்தில் பச்சை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மழை வரும்வரை தின்னவும், மழை வந்ததும் நடவும் இருந்தது அந்த வளையில் உள்ளது மட்டும்தான்.

மூன்று நாள் பட்டினி கிடந்த பிறகு முள்ளாண்டி உள்ளே போனது. போனது, அப்படியே நின்றுவிட்டது.

சேப்பங்கிழங்குகள் மேலே ஒட்டிய மண்ணோடு, உலர்ந்த மணலுக்குள் வரிசையாகப் புதைந்திருந்தன. சாம்பல் பூசணிகள் காய்ந்த புல்லின் மேல் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் காம்பு. ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி. மேலே இருந்த வெள்ளைப் பொடியில் ஒரு விரல் தடம்கூட இல்லை. காயம்பட்ட கிழங்குகள் மட்டும் வாசலை ஒட்டித் தனியாகக் கிடந்தன.

"மண்ணை ஏன் கழுவவில்லை?" என்று முள்ளாண்டி தனக்குத்தானே கேட்டுக்கொண்டது. "காம்பு எதற்கு? அதைத் தின்ன முடியாதே. இத்தனை இடத்தை ஏன் வீணாக்கினாய், சடைச்சி?"

பதில் சொல்ல ஆள் இல்லை. முள்ளாண்டி மணலைக் கிளறி, கீறல் இல்லாத உருண்டைக் கிழங்கு ஒன்றை எடுத்தது. பல வருட ஆசை அது. தின்றது. காயம்பட்டதைப் போலவேதான் ருசித்தது.

மறுநாள் துக்கம் கேட்க முயல் வந்தது. முயலுக்குச் சுத்தம்தான் உயிர். உட்காரும் இடத்தை மூன்று முறை ஊதிவிட்டுத்தான் உட்காரும்.

"அண்ணே, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்," என்று தொடங்கிய முயல் உள்ளே எட்டிப் பார்த்தது. துக்கம் மறந்துபோனது. "ஐயோ, இதென்ன இத்தனை மண்! தின்கிற பண்டம் இப்படியா கிடக்கும்? ஓடையில் ஒரு முறை அலசினால் பளபளவென்று இருக்குமே!"

முயலின் பின்னாலேயே ஒரு பெருச்சாளி வந்து நின்றது. அது நீளமாக மூச்சை இழுத்தது. வளை எவ்வளவு ஆழம், உள்ளே எத்தனை கிழங்கு என்று அந்த ஒரே மூச்சில் கணக்குப் போட்டுவிட்டது.

"முயல் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, மச்சான்," என்றது பெருச்சாளி. "எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பூசணிக்கு எதற்குக் கொம்பு மாதிரி காம்பு? கடித்து எறி. அந்த வெள்ளைப் பொடியையும் துடைத்துவிடு. பிறகு எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் பாதி இடம் மிச்சம்."

"சடைச்சி இப்படித்தானே வைத்திருந்தது?"

"போனவர்களைக் குறை சொல்லக் கூடாது," என்று பெருச்சாளி குரலைத் தாழ்த்தியது. "ஆனால் தங்கச்சிக்குக் கொஞ்சம் சோம்பல். உனக்குத் தெரியாதது இல்லை."

முள்ளாண்டியின் முட்கள் லேசாகச் சிலிர்த்தன.

"சடைச்சியை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை," என்றது. சொன்ன பிறகு அதே வார்த்தையை மறுபடி நினைத்துப் பார்த்தது. சடைச்சி சோம்பேறி இல்லை. ஓடை இருபதடி தூரம். அப்படியென்றால் கழுவாமல் விட்டது வேலைக்குப் பயந்து இல்லை. பிறகு எதற்கு?

"சரி, கழுவுவோம்," என்றது முள்ளாண்டி. "ஆனால் பாதியை மட்டும்."

"பாதியா?" பெருச்சாளியின் மீசை துடித்தது. "பாதி குளித்து யாராவது கரையேறுவார்களா, மச்சான்? முழுசாகச் செய்."

"மீதி அப்படியே இருக்கட்டும். என்ன ஆகிறது என்று பார்க்கலாம்."

"பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

"அதைத்தான் பார்க்க வேண்டும்."

பெருச்சாளி மேலே வாதாடவில்லை. பக்கத்திலேயே இன்னொரு வளையைத் தானே தோண்டிக் கொடுத்தது. முயல் காது நனைய நனையப் பாதிக் கிழங்கைக் கழுவியது. மூன்றும் பூசணிகளில் பாதியைக் காம்பு ஒடித்து, பொடி போகத் துடைத்து, கிழங்கின் மேல் அடுக்கின. புது வளை கண்ணைப் பறித்தது.

"இனி நீ ஒன்றும் கவலைப்படாதே," என்றது பெருச்சாளி. "தப்பித்தவறி ஒன்றிரண்டு கெட்டுப்போனால் நானே தூக்கிக்கொண்டுபோய் எறிகிறேன். உறவு என்று எதற்கு இருக்கிறோம்?"

அன்றிலிருந்து முள்ளாண்டி தினமும் காலையில் இரண்டு வளைக்குள்ளும் போய் மூக்கை நுழைத்துப் பார்த்தது. பழைய வளையில் மண் வாசனை. புது வளையிலும் முதல் நான்கு நாள் நல்ல வாசனைதான். ஐந்தாம் நாள் ஏதோ புளித்த மாதிரி இருந்தது. எட்டாம் நாள் கிழங்குகளைத் தொட்டால் வழுக்கியது. பத்தாம் நாள் பூசணி ஒன்றின் உச்சியில், காம்பு ஒடித்த இடத்தில், கால் உள்ளே இறங்கியது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த பூசணியின் விலாவிலும் ஈரம்.

பழைய வளையிலும் ஒரே ஒரு இடத்தில் அழுகல் இருந்தது. வாசலை ஒட்டிக் கிடந்த காயம்பட்ட கிழங்குகளில் ஏழெட்டு கறுத்துப்போயிருந்தன. இத்தனை நாளும் முள்ளாண்டி அவற்றைத் தாண்டிப் போய் நல்ல கிழங்கைத்தான் தின்றுகொண்டிருந்தது.

முள்ளாண்டி ஒரு கிழங்கைப் புரட்டியது. அழுகல் கீறலில்தான் தொடங்கியிருந்தது. கீறலின் மேல் தன் முன்காலை வைத்துப் பார்த்தது. நான்கு நகமும் நான்கு கோட்டில் பொருந்தின. தோண்டும்போது பட்ட காயம்.

"முதலில் கெடுவதை முதலில் தின்ன வைத்திருக்கிறது," என்று முணுமுணுத்தது. "நான் கிழித்ததைத்தான் எனக்கே கொடுத்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

சடைச்சி சொல்லியிருக்கலாம். முள்ளாண்டியும் ஒரு நாளாவது, சண்டை போடாமல் கேட்டிருக்கலாம்.

அன்றே கறுக்காத காயக் கிழங்கு ஒன்றை எடுத்து, வாசலில் உட்கார்ந்து முழுதும் தின்றது.

பெருச்சாளி சொன்ன சொல் தவறவில்லை. தினமும் புது வளைக்கு வந்து "கெட்டதை" வாரிக்கொண்டுபோனது. அதன் வயிறு உருண்டு வந்தது. பன்னிரண்டாம் நாள் புது வளையில் வாருவதற்கு ஒன்றும் மீதியில்லை.

"பார்த்தாயா மச்சான், நேரம் சரியில்லை," என்று பெருச்சாளி வருத்தமான முகத்தோடு வந்து உட்கார்ந்தது. "அந்தப் பழைய வளையையும் உடனே கழுவிவிடுவோம். இல்லாவிட்டால் இந்த அழுகல் அதற்கும் தொற்றிவிடும்."

அப்போது முயல் ஓடிவந்தது. ஓடிவந்த வேகத்தில் தரையை ஊதாமலே உட்கார்ந்துவிட்டது.

"அண்ணே, பெருச்சாளியார் வீட்டு வழியாக வந்தேன். வாசல் திறந்திருந்தது. உள்ளே அவருடைய கிழங்கு இருக்கிறது. ஒன்றுகூடக் கழுவவில்லை! அத்தனையிலும் மண்!"

முள்ளாண்டி பெருச்சாளியைப் பார்த்தது. முள்ளாண்டியின் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

"உன் கிழங்கை நீ ஏன் கழுவவில்லை?"

"அது வந்து... எனக்குத் தண்ணீர் ஆகாது, மச்சான். சளி பிடிக்கும்."

"முயல்தான் கழுவித் தருமே?"

"தரும், தரும். அதற்கு எதற்குச் சிரமம்?"

"என் கிழங்கைக் கழுவும்போது அந்தச் சிரமம் தெரியவில்லையா?"

முள்ளாண்டி மெதுவாகத் திரும்பி நின்று, முதுகைக் காட்டி முட்களைக் குலுக்கியது. காய்ந்த நெற்றுகள் உரசுவதுபோல ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பெருச்சாளியை யாரும் பார்க்கவில்லை.

முயலின் காதுகள் தொங்கிப்போயின. "முதலில் கழுவச் சொன்னது நான்தானே, அண்ணே."

"உனக்குத் தெரிந்ததை நீ சொன்னாய். அவன் தெரிந்தே சொன்னான்," என்றது முள்ளாண்டி. "காதைத் தூக்கு. மண்ணில் இழுபடுகிறது."

முயல் பதறிக் காதைத் தூக்கிக்கொண்டது.

பாதிக் கிழங்கில் கோடையைக் கடக்க வேண்டியிருந்தது. முள்ளாண்டி ஒரு வேளைதான் தின்றது. சித்திரையில் அதன் விலா எலும்பு தெரிந்தது. வைகாசியில் முட்கள் உடம்புக்குப் பெரிதாகத் தெரிந்தன. காம்போடு இருந்த பூசணிகளில் எந்தப் பக்கம் மெத்தென்று ஆகிறது என்று தினமும் பார்த்து, அதை முதலில் எடுத்தது. புல் ஈரமானால் மாற்றியது. மணலை வெயிலில் காயவைத்து மறுபடி உள்ளே கொட்டியது.

ஆனியில் பசி தாங்காமல் ஒருநாள் நான்கு கிழங்கை வெளியே எடுத்துவிட்டது. எதிரே வைத்து நெடுநேரம் பார்த்தது. மூன்றைத் திரும்பப் புதைத்துவிட்டது.

ஆடி பிறந்து ஆறாம் நாள் மழை பெய்தது. மணலுக்குள் பதினேழு கிழங்குகள் இருந்தன. எல்லாவற்றிலும் முளை வந்திருந்தது. முள்ளாண்டி பதினேழையும் தோட்டத்தில் நட்டது.

வளையில் இப்போது மணல் மட்டும் இருக்கிறது. அடுத்த விளைச்சலுக்காக அது உலர்ந்திருக்கிறது.

நீதி: ஒருவர் செய்துவைத்ததன் காரணம் புரியவில்லை என்றால், புரியும்வரை அதை முழுவதும் கலைத்துவிடாதே.