கூப்பிட்டதும் போன திமிங்கிலம்

"சப்... சப்... சப்..."

இருட்டிய பிறகு வடகடலில் இப்படி ஒரு சத்தம் கேட்டது. ஆழி என்ற தாய்த் திமிங்கிலம் திடுக்கிட்டு விழித்தது. சுறாவா? பனிக்கட்டி உரசுகிறதா? பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அதன் குட்டி குமிழிதான், வெறும் தண்ணீரைச் சப்பிக்கொண்டிருந்தது!

"குமிழி! என்ன கண்ணு பண்றே?"

"கனவுல பால் குடிச்சிட்டிருந்தேன். ஏம்மா எழுப்பினே?"

கோடை முடியப் போகிறது. பனி இறங்குமுன் தெற்கே, வெதுவெதுப்பான கடலுக்கு நீந்திப் போயாக வேண்டும். அதற்குள் குட்டியின் உடம்பில் நாலு விரல் கனத்துக்காவது கொழுப்பு ஏற வேண்டும். ஏறாத குட்டி பாதி வழியிலேயே குளிரில் விறைத்துப்போகும். குமிழிக்கோ இன்னும் விலா எலும்பு தெரிந்தது.

ஆழியிடம் பால் இல்லாமல் இல்லை. கொடுக்கத்தான் நேரம் இல்லை!

ஆழி இருந்த வளைகுடாவுக்குத் தினமும் மூன்று முறை, திமிங்கிலம் பார்க்க ஆசைப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு வரும். படகுக்காரர் சட்டத்தை மீறாதவர். தூரத்திலேயே என்ஜினை நிறுத்திவிடுவார். துரத்திப் போகக் கூடாது. திமிங்கிலம் தானாகக் கிட்டே வந்தால் தப்பில்லை. இதுதான் அங்கே சட்டம்.

அப்படி 'தானாக' வரவைப்பது ஒரு கடற்காகத்தின் வேலை. திமிங்கிலம் கிட்டே வந்துவிட்டால் படகில் இருப்பவர்கள் குஷியில் கையிலிருக்கும் வறுத்த மீனை வானத்தில் வீசுவார்கள். அது கடற்காகத்தின் வாயில் விழும்!

மறுநாள் காலை. குமிழி அப்போதுதான் பாலுக்கு வாய் வைத்தது.

"ஆழியக்கா! ஆழியக்கா! விருந்தாளிங்க வந்தாச்சு!" என்று கடற்காகம் மேலே வட்டமடித்தது.

"கொஞ்சம் இருப்பா. குட்டி இப்பத்தான் குடிக்க ஆரம்பிச்சிருக்கு."

"இருக்கறதா? எங்கிருந்தெல்லாமோ வந்திருக்காங்கக்கா! முகம்கூடக் காட்டலேன்னா என்ன நினைப்பாங்க? வளர்ப்பு சரியில்லேன்னு சொல்லிட மாட்டாங்க?"

அந்த ஒரு வார்த்தை போதும். ஆழி பயந்துவிடும். யாரையும் காக்கவைக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் உடனே எழுந்து போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட திமிங்கிலம் அது.

"இரு கண்ணு, ஓடி வந்துடறேன்" என்று குட்டியை விலக்கிவிட்டுப் போனது. முதுகைக் காட்டியது. வாலைத் தூக்கி அடித்தது. படகில் ஒரே கைதட்டல்! திரும்பி வந்தபோது குட்டி அழுது களைத்துத் தூங்கியிருந்தது.

மத்தியானமும் இதே கதை. பாறைமேல் படுத்து வெயில் காய்ந்த கடல்நாய்க்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உங்க வீட்டுல சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு கிடையாதா?"

"வந்தவங்களை எப்படிப்பா காக்கவைக்கிறது?"

"வந்தவங்க சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்காங்க. குட்டிதான் சாப்பிடலே!"

கடற்காகத்துக்குக் கோபம் வந்தது. "நீ சும்மா கிட, தொப்பை! உன்னைப் பார்க்க யாராவது வர்றாங்களா?"

"வர மாட்டாங்க. அதனாலதான் எனக்குத் தொப்பை இருக்கு!" என்றது கடல்நாய்.

ஆழி கேட்டும் கேட்காததுபோல் படகை நோக்கிப் போனது.

சாயங்காலம் மூன்றாவது முறையாகப் படகு வந்தது. ஆழி படகின் வலது பக்கம் போய் வாலைத் தூக்கியது. "ஆகா! ஆகா!" என்று எல்லோரும் அந்தப் பக்கமே குவிந்தார்கள். ஆழி திரும்பிப் பார்த்தது. குட்டியைக் காணோம்!

குமிழி படகின் அடியில் இருந்தது. பசி மயக்கத்தில் அதற்குப் படகின் கறுத்த அடிப்பாகம் அம்மாவின் வயிறு மாதிரித் தெரிந்தது. முட்டி முட்டிச் சப்பிக்கொண்டிருந்தது.

மேலே படகுக்காரர், "நேரமாச்சு, திரும்பலாம்" என்று என்ஜின் பக்கம் நடந்தார். குட்டி அடியில் இருப்பது அவருக்குத் தெரியாது. மேலே பறந்த கடற்காகத்துக்குத் தெரியும்!

"கத்து! நீ கத்தினா அவர் எட்டிப் பார்ப்பார்! கத்துப்பா!" என்று ஆழி அலறியது.

கடற்காகத்தின் வாயில் பெரிய மீன். வாயைத் திறந்தால் மீன் விழுந்துவிடும். அது வாயைத் திறக்கவே இல்லை.

ஆழி ஒரே பாய்ச்சலாகப் படகுக்கு அடியில் புகுந்தது. குட்டியைத் தலையால் தள்ளியது. அந்த நொடியில் படகின் என்ஜின் விசிறி சுழன்றது. ஆழியின் முதுகில் நீளமாக ஒரு கோடு கிழிந்தது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அம்மா, உன் வயிறு ஏன் இவ்ளோ கட்டியா இருக்கு? பாலே வரலியே!" என்றது குமிழி.

முதுகு எரிந்ததைவிட அந்தக் கேள்விதான் ஆழிக்கு அதிகமாக எரிந்தது. நேரே கடல்நாயிடம் போனது.

"படகு நுழைய முடியாத இடம் ஏதாவது உனக்குத் தெரியுமாப்பா?"

"பாறைக்குப் பின்னாடி ஒரு சின்னக் குடா இருக்குக்கா. மரம் வெட்டுறவங்க ஒரு காலத்துல கட்டைகளை மிதக்கவிட்ட இடம். வாசல்ல மரக்கதவு ஒண்ணு மிதக்குது. கட்டை இடுக்குல மீன் தாராளமா உள்ளே வரும். படகு வராது."

"கூண்டு மாதிரி இருக்குமோ?"

"வெளியே இருந்து பூட்டினாத்தான் கூண்டுக்கா. இதுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்!"

ஆழி குட்டியைக் கூட்டிக்கொண்டு குடாவுக்குள் நுழைந்தது. கடற்காகம் விடவில்லை. மீனை விழுங்கிவிட்டுப் பின்னாலேயே பறந்து வந்தது.

"அக்கா! என்னக்கா இது? நாளைக்கு ரெண்டு படகு வருதாம்! நீங்க வரலேன்னா உங்களைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்!" என்றது ஆழி. அதன் குரல் நடுங்கவில்லை. "குட்டிக்கு வயிறு நிறையட்டும். அப்புறம் எனக்குத் தோணினா நானே வர்றேன். நீ கூப்பிட்டு இல்லே."

"ஒரே ஒரு தடவை! வால் நுனியை மட்டுமாவது..."

"முடியாது!"

ஆழி அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு கடல் ஒன்றும் வற்றிவிடவில்லை. ஆழி மூக்கால் மரக்கதவை இழுத்துச் சாத்தியது. குமிழி வயிற்றடியில் புகுந்து மடக்கு மடக்கென்று குடிக்க ஆரம்பித்தது.

வந்தவர்கள் மனம் நோகுமே என்று பெற்ற பிள்ளையைப் பட்டினி போடாமல், வேண்டிய நேரத்தில் உள்ளே இருந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதும் நல்ல பண்புதான் என்று தெரிந்துகொண்டு, ஆழி தாழ்ப்பாளைப் போட்டது.