பதினைந்தாம் நாள் சர்வீஸ்

சௌந்தரராசு என்கிற மரநாய் காட்டில் வண்டிக்கடை வைத்திருந்தான். இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே கடை. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நுழையலாம், அவ்வளவு ஒடுக்கமான வாசல். உள்ளே போனால் வரிசையாகப் புது வண்டிகள், எண்ணெய் பூசிப் பளபளவென்று நிற்கும்.

அந்தக் கடைக்கு ஒருநாள் ராக்காயி என்கிற ஆமை வந்தாள்.

"தம்பி, தொட்டி வச்ச வண்டி ஒண்ணு வேணும்" என்றாள்.

"தொட்டியா? எதுக்கு அக்கா?"

"எங்க குளத்துல அயிரை மீனுங்க முந்நூறு பேர் இருக்காங்க. இந்த வருஷம் மழை ஏமாத்திருச்சு. கோடையில குளம் வத்திரும். அதுக்குள்ள அவங்களைப் பெரிய ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

சௌந்தரராசு உருகிப்போனான். மீசையைத் துடைத்துக்கொண்டான். "அடடா! என்ன நல்ல மனசு! உங்களுக்குன்னே ஒரு வண்டி இருக்கு, வாங்க!" என்று அழைத்துப் போனான்.

வண்டி நல்ல வண்டிதான். அதைக் குறை சொல்லக் கூடாது. கொண்டையன் என்கிற மரங்கொத்தி பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. ராக்காயி தொட்டியைத் தட்டிப் பார்த்தாள், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "ஏரிக்குப் போற வழியில பாறைச் சரிவு இருக்கு. அங்க அச்சு உடைஞ்சா என்ன செய்யறது?"

"அதுக்குத்தான் கியாரண்டி ஓலை!" சௌந்தரராசு ஒரு பனையோலையை நீட்டினான். "ஒரு வருஷத்துக்குள்ள அச்சு உடைஞ்சா சும்மா மாத்தித் தருவோம். ஆனா ஒண்ணு. பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை வண்டியை இங்க சர்வீசுக்குக் கொண்டுவரணும். ஒருநாள் தப்பினாலும் கியாரண்டி செல்லாது. உங்க வீடு எவ்வளவு தூரம்?"

"என் நடைக்கு எட்டு நாள்."

"பதினஞ்சுக்குள்ள எட்டு தாராளமா அடங்குமே!"

"அடங்கும் அடங்கும்" என்று ராக்காயியும் தலையாட்டினாள்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். ஓலை கைமாறியது. ராக்காயி கயிற்றை ஓட்டில் மாட்டிக்கொண்டு வண்டியை இழுத்தபடி கிளம்பினாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் குளத்துக்கு வந்து சேர்ந்தாள். அயிரைகள் எல்லாம் கரையோரம் கூடிவிட்டன. ஒரே ஆரவாரம்! அவர்களுக்கெல்லாம் பெரியவளாக இருந்த செவந்தி தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அக்கா, வண்டி அருமையா இருக்கு! நாளைக்கே கிளம்பிருவோமா? ஏரி ரெண்டு நாள் பயணம்தானே?"

ராக்காயி ஓலையை எடுத்துப் பார்த்தாள். மனசுக்குள் நாளை எண்ணினாள். எண்ணியதும் முகம் மாறியது.

"இல்லம்மா செவந்தி. இன்னைக்கோட எட்டு நாள் ஆச்சு. இப்பவே திரும்பினாத்தான் சர்வீசைப் பிடிக்க முடியும். சர்வீஸ் தப்பினா கியாரண்டி போச்சு. கியாரண்டி இல்லாம உங்களை ஏத்திக்கிட்டு அந்தச் சரிவுல இறங்க எனக்குத் துணிச்சல் இல்ல. முடிச்சுட்டு ஓடியாந்துர்றேன்!"

ஆமை ஓடிவருமா என்று கேட்காதீர்கள். அது அவள் ஆசைக்குச் சொன்னது.

"சரிக்கா. குளத்துல இன்னும் தண்ணி கிடக்கு. பத்திரமா போயிட்டு வாங்க" என்றாள் செவந்தி.

காலி வண்டியை இழுத்துக்கொண்டு ராக்காயி வந்த வழியே திரும்பினாள். பதினாறாம் நாள் கடை வாசலில் நின்றாள்.

சௌந்தரராசு ஓலையைப் பார்த்தான், உச்சுக்கொட்டினான். "ஒருநாள் தாமதம்! ஓலைப்படி பார்த்தா கியாரண்டி செல்லாது. ஆனா நம்ம அக்காவாச்சே! இந்த ஒருதடவை விட்டுடறேன். அடுத்ததடவை கண்டிப்பா முடியாது, சொல்லிட்டேன்."

"புண்ணியமா போச்சு தம்பி!"

கொண்டையன் பறந்து வந்து சக்கரத்தை நாலு கொத்துக் கொத்திப் பார்த்தான். அச்சில் விளக்கெண்ணெய் தடவினான். நன்றாக இருந்த கடையாணியைக் கழற்றிவிட்டு அதேபோல் இன்னொன்றை மாட்டினான். முதலாளி சொன்னதைச் செய்தான், பாவம். ஓலையில் ஒரு முத்திரை விழுந்தது. சர்வீஸ் முடிந்தது.

ராக்காயி மறுபடியும் எட்டு நாள் நடந்தாள். இப்போது குளம் பாதியாகச் சுருங்கியிருந்தது. கரை வெடித்துக் கிடந்தது. செவந்தியின் குரலில் பழைய துள்ளல் இல்லை.

"அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். இப்பவே ஏத்திக்கிட்டுப் போயிருங்க. பகல்ல தண்ணி கொதிக்குது. குஞ்சுங்க தாங்கமாட்டேங்குது."

ராக்காயிக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டியைப் பார்த்தாள். மீன்களைப் பார்த்தாள். ஓலையையும் பார்த்தாள். ஓலைதான் ஜெயித்தது.

"ஒருதடவை மன்னிச்சு விட்டுட்டாங்கம்மா. இன்னொருதடவை விடமாட்டாங்க. நடுவழியில அச்சு உடைஞ்சு உங்களை வெயில்ல போட்டுட்டு நிக்கச் சொல்றியா? இந்தத்தடவை ராத்திரி பகல் பார்க்காம நடந்து நாளுக்குள்ள போயிடறேன். வந்த அன்னைக்கே ஏரிக்குப் போறோம். இது சத்தியம்!"

செவந்தி தண்ணீருக்குள் போய்விட்டாள்.

ராக்காயி கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே திரும்பினாள். தூங்காமல் நடந்தாள். தின்னாமல் நடந்தாள். அப்படியே போய்க்கொண்டே இருந்திருந்தால் பதினைந்தாம் நாளே கடையைப் பிடித்திருப்பாள். ஆனால் கடைக்கு முன்னால் இருந்த கல்லாங்காட்டில் 'படக்' என்று ஒரு சத்தம். அச்சு முறிந்துவிட்டது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த வண்டியைத் தரையோடு இழுத்துக்கொண்டு அவள் கடைக்குள் வந்தபோது பதினேழாம் நாள்.

"தம்பி! அச்சு போச்சு! கியாரண்டியில சீக்கிரமா மாத்திக் குடு! குளத்துல எல்லாரும் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்காங்க!"

சௌந்தரராசு அச்சைப் பார்க்கவே இல்லை. ஓலையைத்தான் பார்த்தான்.

"ரெண்டு நாள் தாமதம். கியாரண்டி செல்லாது."

"என்ன தம்பி இப்படிச் சொல்றே! அச்சு உடைஞ்சதாலதானே தாமதமாச்சு?"

"உடைஞ்சது உங்க வழியில. ஓலை எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா. முயல் வாங்கினாரு, மாசம் ரெண்டுதடவை டாண்ணு வந்து நிக்கிறாரு. அவரால முடியுது. உங்களால ஏன் முடியல?"

மேலே கிளையில் உட்கார்ந்திருந்த கொண்டையன் இறங்கி வந்தான். உடைந்த அச்சை முகர்ந்தான், தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"முதலாளி, தொட்டி இன்னும் நனையவே இல்ல. இந்த வண்டி ஒரு சுமையும் ஏத்தல. நம்ம கடைக்கு வந்து போன ஒரே வேலையில அச்சு தேஞ்சிருக்கு" என்றான். பிறகு கொண்டையைச் சொறிந்துகொண்டு எண்ண ஆரம்பித்தான். "வீட்டுக்குப் போக எட்டு நாள். திரும்பி வர எட்டு நாள். பதினாறு ஆச்சே! அந்தம்மா வீட்டுக்குப் போய் அந்த நிமிஷமே திரும்பினாலும் ஒருநாள் தாமதம்தானே ஆகும்?"

"நீ மரத்தைக் கொத்து! கணக்கு பேசாதே!" என்று சீறினான் சௌந்தரராசு.

ராக்காயி அசையாமல் நின்றாள். போகும் கணக்கை மட்டும் போட்டோம், வரும் கணக்கைப் போடவில்லையே என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தடவை குளத்தங்கரை வரை போனோம். இரண்டு தடவையும் காலித் தொட்டியோடு திரும்பினோம். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. முதலில் அவள்மேலேயே வந்தது. பிறகு எதிரே நின்றவன்மேல் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு தட்டான் பறந்து வந்தான். "ராக்காயி அக்கா! நான் உங்க குளத்துப் பக்கமிருந்து வர்றேன். தண்ணி கணுக்கால் அளவுதான் இருக்கு. செவந்தி சொல்லச் சொன்னாங்க!"

ராக்காயி உடைந்த வண்டியை இழுத்துக்கொண்டு போய் வாசலில் இரண்டு பாறைக்கும் நடுவே நிறுத்தினாள். வண்டிக்கு முன்னால் தானும் உட்கார்ந்தாள்.

"என்ன அக்கா பண்றீங்க? வழியை விடுங்க!" சௌந்தரராசு பதறினான்.

"பதினஞ்சாம் நாள் தப்பாம நான் இங்க இருக்கணும். வீட்டுக்குப் போனா அது நடக்காது. அதனால போகமாட்டேன். உன் ஓலைப்படிதான் நடக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். சௌந்தரராசு தள்ளினான், உதைத்தான், கடித்தும் பார்த்தான். பல் வலித்ததுதான் மிச்சம்.

சௌந்தரராசுவின் கெட்ட நேரம், அன்றைக்குத்தான் புது வண்டி பார்க்க வரச்சொல்லி நாலாபுறமும் சொல்லி அனுப்பியிருந்தான். முதலில் முள்ளம்பன்றி வந்தார். வாசல் அடைத்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா இது, வழியில உட்கார்ந்திருக்கே?"

ராக்காயி தலையை வெளியே நீட்டி நடந்ததைச் சொன்னாள். முள்ளம்பன்றி தன் முட்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அவர் வீட்டுக்குப் போக ஒன்பது நாள், திரும்பி வர ஒன்பது நாள். எண்ணி முடித்ததும் முட்கள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டன.

"அடேயப்பா! நான் வண்டி வாங்கினா வாழ்நாள் முழுக்க இந்தக் கடைக்கு நடந்துக்கிட்டே இருக்கணும்போல!"

பின்னாலேயே காட்டுப்பன்றி வந்தார். அவர் வீடு பக்கத்திலேயே இருந்தது. "எனக்கு வந்து போறது கஷ்டமில்ல. ஆனா நான் தினமும் கிழங்கு மூட்டை ஏத்தறவன். பத்தாம் நாளே எண்ணெய் வத்திப்போய் அச்சு கத்துச்சுன்னா?" என்று கேட்டார்.

"பதினஞ்சாம் நாள்தான் சர்வீஸ். ஓலை எல்லாருக்கும் ஒண்ணு..." என்று இழுத்தான் சௌந்தரராசு.

"வேலை செய்யாத வண்டிக்கும் பதினஞ்சு நாள், முதுகொடிய வேலை செய்யற வண்டிக்கும் பதினஞ்சு நாளா? யாரைய்யா இதை எழுதினது?"

சௌந்தரராசு காதைச் சொறிந்தான். எழுதினது அவன்தான். முதன்முதலில் வண்டி வாங்கியவர் முயல். அவர் ஓட்டத்தைப் பார்த்து எழுதினான். அதையே மற்ற எல்லாருக்கும் படியெடுத்துக் கொடுத்துவிட்டான். அடிக்கடி வந்தால் கடைக்கு நல்லதுதானே என்று அதை மாற்றாமலும் விட்டுவிட்டான்.

முள்ளம்பன்றி திரும்பி நடந்தார். காட்டுப்பன்றியும் திரும்பினார். அடுத்து வந்த மானும், கீரியும், அவர்கள் சொன்னதைக் கேட்டு வந்த வழியே போய்விட்டார்கள். வெயில் சாய்வதற்குள் கடைப்பக்கம் ஒரு வால்கூட இல்லை.

"போதும் தாயே, போதும்!" சௌந்தரராசு கும்பிட்டான். "புது அச்சு தர்றேன். ஓலையையும் மாத்தி எழுதறேன். இனிமே வண்டி ஓடுற தூரத்தையும் சுமக்கிற சுமையையும் பார்த்துத்தான் சர்வீஸ். வாசலை மட்டும் விட்டுருங்க!"

கொண்டையன் புது அச்சைக் காலையிலேயே செதுக்கி வைத்திருந்தான். கொத்து கொத்தென்று கொத்தி மாட்டினான். "அக்கா, இது நூறு சரிவு இறங்கினாலும் உடையாது. என்கிட்ட நீங்க முதல்லயே கேட்டிருந்தா, பழைய அச்சும் ஏரி வரைக்கும் தாங்கும்னு சொல்லியிருப்பேன்" என்றான்.

அந்தச் சொல்தான் ராக்காயியை எல்லாவற்றையும்விடக் குத்தியது.

மாற்றி எழுதிய ஓலையைச் சௌந்தரராசு நீட்டினான். அவள் அதை வாங்கக் காத்திருக்கவில்லை. வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குளத்தை நெருங்கும்போது வழியிலிருந்த ஊற்றில் தொட்டியை நிரப்பிக்கொண்டாள். முதல்முறையாகத் தொட்டி நனைந்தது.

எட்டாம் நாள் குளத்தங்கரைக்கு வந்தாள். அங்கே குளம் இல்லை. சேறும் காய்ந்திருந்தது. எருமைகள் நடந்துபோன குளம்படிகளில் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் நின்றது. சில குளம்படிகளில் மீன்கள் அசைந்தன. பலவற்றில் அசையவில்லை. ராக்காயி ஒவ்வொரு குளம்படியாக ஊர்ந்துபோய், உயிரோடு இருந்தவர்களை வாயில் மெதுவாக ஏந்தித் தொட்டியில் விட்டாள். முந்நூறு பேரில் தொட்டிக்கு வந்தது அறுபது பேர்தான். குஞ்சுகளில் ஒன்றுகூட இல்லை.

கடைசிக் குளம்படியில் செவந்தி கிடந்தாள். தொட்டித் தண்ணீர் பட்டதும் மெல்லக் கண்ணை உருட்டினாள். அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அக்கா, கியாரண்டி கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா" என்றாள் ராக்காயி. முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை ஏரிப் பக்கமாக இழுத்தாள்.

பாறைச் சரிவில் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் அறுபது பேரும் ஏரியில் நீந்தினார்கள்.

குழந்தைகளே, பெரியவர்களே, ஒரு பொருளை எதற்காக வாங்கினோமோ அந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்தப் பொருளைப் பாதுகாத்துக்கொண்டே இருந்தால், கடைசியில் பொருள் மட்டும்தான் பத்திரமாக இருக்கும்.