கரடி வாங்கிய ரிமோட்

குமிழிக்காட்டில் ஒரு பாறைக் குகை. அதில் மூக்கன் என்ற கரடியும் அவன் மனைவி பொன்னாத்தாவும் குடியிருந்தார்கள்.

பொன்னாத்தாவுக்கு இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வந்து, அந்தக் கோடையோடு சுத்தமாகத் தெரியாமல் போய்விட்டது. மூக்கன் தேனுக்கும் கறையானுக்கும் விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவான். அதுவரை அவளுக்குத் துணை டி.வி.தான். பார்க்க முடியாவிட்டால் என்ன? காது இருக்கிறதே!

பதினோரு மணிக்கு ஒரு நரிக்குடும்பத்து சீரியல் வரும். அதைக் கேட்டு மனசில் வைத்துக்கொள்வாள். சாயங்காலம் மூக்கன் காலில் ஏறிய முள்ளைத் தடவித் தடவிப் பிடுங்கிக்கொண்டே, அந்தக் கதையை ஒன்று விடாமல் அவனுக்குச் சொல்வாள்.

டி.வி.க்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று. மூன்றையும் அழுத்தினால்தான் சத்தம் வரும். ஆனால் அவள் விரலுக்கு மூன்றும் அத்துப்படி. பேட்டரி விழாமல் ரப்பர் பேண்டு போட்டது டி.வி.யுடையது. பாலித்தீன் கவர் பிரிக்காதது பாக்ஸினுடையது. ஓரத்தில் பல் பதிந்தது ஸ்பீக்கருடையது. அந்தப் பல் மூக்கனுடையது. பேட்டரி தீர்ந்துபோனது தெரியாமல், ஒருநாள் கோபத்தில் கடித்து வைத்துவிட்டான்.

ஒருநாள் சாயங்காலம் மூக்கன் வந்தபோது குகையில் சத்தமே இல்லை. பொன்னாத்தா முட்டி போட்டுச் சருகுப் படுக்கையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கவர் போட்டது எங்கியோ நழுவிப்போச்சுங்க. காத்தாலேருந்து தேடறேன்."

மூக்கன் குனிந்து பார்த்தான். ரிமோட் அவன் காலடியில்தான் கிடந்தது.

'மூன்று இருப்பதால்தானே ஒன்று தொலைகிறது? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வாங்கிவிடுவோம்' என்று முடிவு செய்தான். மறுநாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஒரு தேனடையைத் தோளில் போட்டுக்கொண்டு, குரங்கு வாலப்பனின் கடைக்குப் போனான்.

"வாங்கண்ணே! ஒரே ரிமோட்டா? நம்ம கடையில இல்லாததா!" என்று வாலப்பன் மேல்தட்டுக்குத் தாவினான். ஒன்றைத் துடைத்து நீட்டினான். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. தொட்டால் நீலமாக வெளிச்சம் வந்தது.

"பட்டனே காணோமே?"

"பட்டனெல்லாம் போன தலைமுறைண்ணே! தொட்டாப் போதும்!"

மூலையில் தூசி படிந்து இன்னொன்று கிடந்தது. தடித்த ரப்பர். நெல்லிக்காய் அளவு மேடாக ஏழே பட்டன்கள்.

"அது என்னப்பா?"

"அட, அதை விடுங்கண்ணே. அது ஒண்ணும் தெரியாத மண்டு. உங்க பவிசுக்கு அதைப் புடிச்சா நல்லாவா இருக்கும்?"

மூக்கன் கண்ணாடி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் அதில் தெரிந்தது. பொன்னாத்தாவுக்கு இவ்வளவு அழகான பொருளை அவன் ஒருநாளும் வாங்கிக் கொடுத்ததில்லை. தேனடையைக் கொடுத்தான். "பழசு இனி எதுக்கு?" என்று வாலப்பன் கேட்க, அந்த மூன்றையும் கொடுத்துவிட்டு வந்தான்.

பொன்னாத்தா புது ரிமோட்டை வாங்கித் தடவினாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். ஓடைக் கல் மாதிரி எங்கும் ஒரே வழவழப்பு.

"எப்படி இருக்குது?" என்றான் மூக்கன் ஆவலாக.

அவள் இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சில்லுனு நல்லா இருக்குதுங்க!"

அன்றிலிருந்து மூக்கனுக்கு நிம்மதி. தினமும் சாயங்காலம் கதையும் வந்தது. நரி மருமகள் மாமியாரோடு சண்டை போட்டாள். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள். அவளுடைய அப்பா நரி வாசலிலேயே காத்திருந்து, "வா சாமி, சாப்பிடு" என்றது. அந்த இடத்தில் மூக்கனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆறாம் நாள் காலை, இலுப்பை மரத்தடியில் ஒரு மைனாவைப் பார்த்தான். வாலப்பன் கடை டி.வி.க்கு எதிர்க் கிளையில்தான் அதன் குடித்தனம். சீரியல் எதையும் விடாது.

"பாவம், அந்த மருமக புள்ள பொறந்த வீட்டுக்கே போயிட்டாளே!" என்றான் மூக்கன்.

மைனா தலையைச் சாய்த்தது. "எந்த மருமக? அவ கிணத்துக்குள்ள விழுந்து நாலு நாளாச்சே! இன்னும் தூக்கறானுங்க!"

"கிணறா? அவங்கப்பன் சோறு போட்டானே?"

"அப்பனா? சீரியல்ல அவளுக்கு அப்பனே கிடையாது! யாரு மாமா உங்களுக்கு இந்தக் கதையெல்லாம் விட்டது?"

மூக்கன் வந்த வழியே திரும்பி நடந்தான். குகைக்கு வந்தபோது நேரம் பதினொன்று தாண்டியிருந்தது.

உள்ளே சத்தம் இல்லை. டி.வி. இருண்டு கிடந்தது.

பொன்னாத்தா மடியில் துண்டை விரித்து, அதன்மேல் கண்ணாடி ரிமோட்டை வைத்திருந்தாள். விரலால் அங்கே தொட்டாள், இங்கே தொட்டாள். நீல வெளிச்சம் வந்து வந்து போனது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு அதைத் துண்டில் பத்திரமாகச் சுற்றினாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மெல்லத் தனக்குள் பேசத் தொடங்கினாள்.

"அப்புறம்... மாமியாக்காரி தேடிக்கிட்டு வர்றா. வந்து என்ன சொல்லுவா? ம்ஹூம், அது நேத்தே சொல்லியாச்சு..."

மூக்கன் வாசலிலேயே நின்றான். ஆறு நாள்! ஆறு நாளும் இவள் இப்படித் தனியாக உட்கார்ந்து, நமக்காகக் கதை கட்டியிருக்கிறாள்! உள்ளே போகக் கால் வரவில்லை. சத்தமில்லாமல் திரும்பி நேரே கடைக்குப் போனான்.

கடையில் கால் வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தட்டில் இருந்த ரிமோட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினான்.

"என்னண்ணே, கண்ணை மூடிட்டு சாமான் வாங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!" என்று வாலப்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மூக்கன் காதில் வாங்கவில்லை. கடைசியில் அவன் விரல் ஏழு மேடுகளைத் தொட்டது. கண்ணைத் திறந்தான். அதே ரப்பர் ரிமோட்.

"இதுதான் வேணும்."

"அது மண்டுன்னு அன்னிக்கே சொன்னனே! அதுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. பழைய ரிமோட்டை எதுத்தாப்பல வெச்சு ஒவ்வொரு பட்டனா அழுத்திச் சொல்லிக் குடுத்தாத்தான் கத்துக்கும்."

"சரி, என்னோட பழசைக் குடு."

வாலப்பன் தலையைச் சொறிந்தான். பின்பக்கம் ஒரு மூங்கில் கூடையைக் காட்டினான். அதில் காட்டிலுள்ள பழைய ரிமோட்டெல்லாம் குவிந்து கிடந்தன. "தேடிக்கோங்க. ரப்பர் பேண்டா? நாப்பதுல இருக்குது. பாலித்தீன் கவரா? அதுவும் நாப்பதுல இருக்குது!"

மூக்கன் கூடைக்குள் மூக்கை விட்டான். ஆழமாக மூச்சை இழுத்தான். அவன் வீட்டு ரிமோட்டில் மட்டும் தேன் வாசனை வரும். கை கழுவாமல் ரிமோட்டை எடுக்கிறான் என்று பொன்னாத்தா எத்தனை நாள் திட்டியிருக்கிறாள்! ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்துப் போட்டான். மூன்றாவதின் ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

பழசையும் புதுசையும் முகத்துக்கு முகம் வைத்தார்கள். மூன்று பழசும் முறைபோட்டுச் சொல்லிக் கொடுத்தன. ரப்பர் மண்டு எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. மூக்கன் கிளம்பும் முன் அதன் தலைப்பக்கத்து ஓரத்தை வாயில் வைத்து நறுக்கென்று ஒரு கடி கடித்தான்.

"ஐயோ அண்ணே! புதுசு!" என்று வாலப்பன் அலறினான்.

அவன் வீடு சேர்ந்தபோது ராத்திரியாகி, பொன்னாத்தா தூங்கிவிட்டிருந்தாள். மறுநாள் காலை மூக்கன் காட்டுக்குப் போகவில்லை. பதினோரு மணிக்கு ரப்பர் ரிமோட்டைப் பொன்னாத்தாவின் கையில் வைத்தான். அவள் விரல்கள் மேடுகளின்மேல் மெல்ல நடந்தன. ஓரத்துக்குப் போனதும் நின்றன. அங்கே பல் தடம்.

"இதையும் கடிச்சுப்போட்டீங்களா?" என்று சிரித்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் முன்பக்கம்னு உனக்குத் தெரியணுமில்ல?"

பொன்னாத்தாவின் சிரிப்பு நின்றது. "கண்டுபுடிச்சுட்டீங்களாங்க?"

"ஏன் புள்ளே சொல்லலை?"

"ஆசை ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. எப்படிங்க சொல்லுவேன்?"

மூக்கன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அவள் பல் தடத்துக்கு அடுத்த மேட்டை அழுத்தினாள். குகை முழுவதும் சத்தம் நிறைந்தது. கிணற்றுக்குள்ளிருந்து மருமகளை இன்னும் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இவனுங்க கதையில சோறு போடற அப்பனே இல்லியே," என்றான் மூக்கன். "உன்னோட கதைதான் நல்லா இருந்துச்சு. அந்த மாமியாக்காரி வந்து என்ன சொன்னா?"

பொன்னாத்தா சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவன் காலை இழுத்து மடியில் வைத்து, முள்ளைத் தடவிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.

அன்புள்ளவர்களுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, நம் கண்ணுக்குப் பிடித்ததை அல்ல, அவர்கள் கைக்குப் பழகுவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.