எதிரே உட்கார ஆளில்லாத பரிசல்

ஆற்றின் இந்தக் கரையும் அந்தக் கரையும் தன்னுடையதே என்று மார்தட்டிக்கொண்டு, முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை மதிகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு சந்தேகம் மண்டைக்குள் புகுந்துவிட்டால், அது தீரும்வரை யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்.

ஒருநாள் வெளிதேசத்து அறிஞர் ஒருவர் விருந்து சாப்பிட்டுவிட்டு விடைபெறும்போது, "உங்கள் நாட்டில் எல்லாம் நிறைந்திருக்கிறது அரசே, சமனின்மை உட்பட" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவர் புகழ்ந்தாரா, திட்டினாரா என்று ராஜாவுக்குப் பிடிபடவில்லை.

ஆஸ்தானப் பண்டிதர் சிங்காரநம்பியைக் கேட்டார். பண்டிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நிறை பிறழ்ந்த நிலை, அளவு திரிந்த நிலை, உடம்பிலே வாத பித்த கபங்கள் ஒன்றையொன்று மீறிய நிலை" என்று அடுக்க ஆரம்பித்தார். ஒரு நாழிகை போயிற்று. ராஜா கொட்டாவி விட்டார்.

"பண்டிதரே, உம்மைக் கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது."

சபை சிரித்தது. பண்டிதரின் முகம் தொங்கிப்போயிற்று. அந்த எரிச்சலை யார் தலையிலாவது இறக்கியாக வேண்டுமே. அகப்பட்டாள் பரிசல்காரி பவளாயி. புருஷன் போனபிறகு பரிசல் ஓட்டித்தான் அவள் நாலு பிள்ளைகளின் வயிற்றைக் கழுவிவந்தாள். "நடுவுல உக்காருங்க சாமி, உங்க ஒடம்ப ஓரம் தாங்காது" என்று முந்தின நாள் அவள் சொன்னது பண்டிதரை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"அரசே, அறிஞரை ஆற்றில் கூட்டிவந்தவள் பவளாயி. வழியெல்லாம் அவளோடுதான் பேசினாராம். அவளையே கேளுங்கள். தெரியவில்லை என்றால் அவளுடைய பரிசல் துறையைப் பிடுங்கி என் மைத்துனனுக்குக் கொடுங்கள்" என்றார்.

ராஜா பவளாயியைச் சபைக்கு வரவழைத்துக் கேட்டார். துறை போனால் வீட்டில் அடுப்பெரியாது. ஆனாலும் பண்டிதரின் இளிப்பைப் பார்த்ததும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அத வாயால சொல்ல எனக்குப் படிப்பில்ல மகாராசா. உங்க ஆளுங்களோட பரிசல்ல ஏறுங்க, காட்டிடறேன்" என்றாள்.

செங்கரை அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்கு ஒருவர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாரோ, அவர் அவ்வளவு பெரிய மனிதர். ராஜாவுக்கு எதிரே உட்காருவதோ பெருங்குற்றம்.

ராஜா பரிசலில் ஏறி ஓரமாக அமர்ந்தார். உடனே, பண்டிதர் உட்படக் கூட வந்த பத்து அதிகாரிகளும் முட்டிமோதிக்கொண்டு அவர் பக்கமே ஒட்டினார்கள். நட்டாற்றில் பரிசல் சாய்ந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்து, ராஜாவின் பட்டு நனைந்தது. அவர் பதறியெழுந்து எதிர்ப்பக்கம் போனார். பத்துப் பேரும் பின்னாலேயே போனார்கள். பரிசல் அந்தப் பக்கம் சாய்ந்தது. எல்லாருக்கும் முந்திக்கொண்டு ஓடிய பண்டிதர் தொப்பென்று ஆற்றில் விழுந்தார். பவளாயி துடுப்பை நீட்டி அவரை மேலே இழுத்துப் போட்டாள்.

"என்ன பெண்ணே இது?"

"இதுதான் மகாராசா சமனின்மை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, இது பரிசலுக்கு. என் நாட்டில் அவர் எதைக் கண்டார்?"

"உங்களச் சுத்தி இருக்கறவங்க எல்லாரும் வடகரைக்காரங்க. அதனால வடகரைக்கு மூணு வாய்க்கா. தென்கரைக்கு ஒண்ணுகூட இல்ல, உள்ள இருக்கற ஊருங்கள்ல குடிக்கவே தண்ணி கெடையாது. வந்தவரு அதப் பாத்துட்டுத்தான் சொன்னாரு."

"இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை?"

"உங்க எதிர்ல உக்கார ஆளில்லையே, மகாராசா."

ராஜாவின் சிரிப்பு நின்றது. வெட்கமாகிவிட்டது அவருக்கு. கரையேறியதும், துறை பவளாயியின் பரம்பரைக்கே சொந்தம் என்றார். தென்கரைக்கு இரண்டு வாய்க்கால் வெட்டச் சொன்னார். வெட்டி முடியும்வரை பண்டிதர் வெயிலில் நின்று மேற்பார்வை பார்க்க வேண்டும், மைத்துனன் மண் சுமக்க வேண்டும் என்றார். "இனி என் எதிரே அமர்ந்து குறை சொல்பவரே எனக்கு வேண்டியவர்" என்றும் அறிவித்தார்.

மூன்றாம் மாதம் தென்கரை வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. அதைப் பார்க்க ராஜா பரிசலில் ஏறினார். அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், பத்து அதிகாரிகளும் அடித்துப்பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரே போய்க் குவிந்தார்கள். அந்தப் பக்கம் தண்ணீரைத் தொட்டது. இந்தப் பக்கம் ராஜாவோடு ஆகாயத்துக்குக் கிளம்பியது.

விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ராஜா கேட்டார்: "பவளாயி, இதற்கு என்ன பெயர்?"

"அதே பேருதான் மகாராசா," என்றாள் பவளாயி, துடுப்பை ஊன்றிக்கொண்டு. "ஓரந்தான் மாறியிருக்கு."